மின்வினாத்தாளின் வடிவத் தேர்வும் தமிழ்மொழித் தேர்வும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

பள்ளித் தேர்வுகளின் வினாத்தாளைக் கணினி வழியாக வழங்குவது பற்றிப் பேசும்போது, கோப்பின் வடிவம் பற்றிய வினா பெரும்பாலும் இறுதியிலேயே எழுகிறது. வினாக்கள் அமைக்கப்படுகின்றன, பக்கம் ஒழுங்குசெய்யப்படுகிறது, அச்சுக்கு அனுப்பப்படும் அதே கோப்பு பிடிஎஃப் வடிவில் சேமிக்கப்பட்டுப் பார்வைக் குறையுடைய மாணவருக்கும், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு கொண்ட மாணவருக்கும் மின்வினாத்தாள் என்ற பெயரில் வழங்கப்படுகிறது. வடிவத் தேர்வு என்பது அச்சகப் பணியின் கடைசிப் படி என்ற எண்ணமே இவ்வழக்கத்திற்கு அடிப்படை. இவ்வெண்ணம் தவறானது என்பதையும், தமிழ்மொழித் தேர்வைப் பொறுத்தவரை இத்தவறு பிற மொழித் தேர்வுகளைக் காட்டிலும் கூடுதலான கேட்டினை விளைவிக்கிறது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேசியா 2008ஆம் ஆண்டில் உடற்குறையுடையோர் சட்டத்தை இயற்றியது. 2010இல் உடற்குறையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. சிங்கப்பூர் 2013இல் அவ்வுடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. கல்வியில் சமவாய்ப்பு என்பது இரு நாடுகளுக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கடப்பாடு. எனினும் தமிழ் மாணவர் நிலையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி விருப்பப் பாடமாகும். சிங்கப்பூரில் சிறப்புத் தேவையுடைய மாணவர் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கோர வழியுண்டு. ஆகவே, வினாத்தாள் படிக்க இயலாத வடிவில் அமையுமானால், மாணவர் கைவிடக்கூடிய முதற்பாடம் தமிழாகவே இருக்கும். கணிதத்தையோ தேசிய மொழியையோ அவர் விட இயலாது, தமிழை விடலாம். கோப்பின் வடிவம் பற்றிய வினா இவ்வகையில் மொழியின் நிலைபேறு பற்றிய வினாவாகவும் ஆகிவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் பட்டறிவு

மின்வினாத்தாள் முயற்சிகளுள் நன்கு பதிவுசெய்யப்பட்ட ஒன்று ஸ்காட்லாந்தில் நிகழ்ந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ‘கால் ஸ்காட்லாந்து’ மையத்தின் துணையுடன் 2005 முதல் வெள்ளோட்டங்கள் நடத்தப்பட்டன. 2008இல் அந்நாட்டுத் தேர்வு ஆணையம் மின்வினாத்தாள்களை முறையாக வழங்கத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவம் பிடிஎஃப். மாணவர் கணினித் திரையில் வினாவைக் காண்பார். தேவையெனில் கணினிக் குரல் அதனைப் படிக்கும். விடையை அதே தாளில் உள்ள கட்டங்களுக்குள் தட்டெழுதலாம். பின்னர் அது அச்சிடப்பட்டுத் திருத்துநருக்குச் செல்லும்.

இத்தேர்வுக்குக் காரணங்கள் இருந்தன. அச்சுத்தாளும் மின்தாளும் தோற்றத்தில் ஒன்றாக இருந்தன. ஆசிரியர், கண்காணிப்பாளர், திருத்துநர் ஆகியோர் எவரும் புதிய நடைமுறையைக் கற்க வேண்டியிருக்கவில்லை. கோப்பினைத் திறக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. வாசிப்பு இடர்ப்பாடு உடையோருக்கும், கையால் எழுத இயலாதோருக்கும் இவ்வடிவம் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

இம்முயற்சியில் நாம் கவனிக்க வேண்டியது கோப்பின் வடிவத்தை மட்டுமன்று; அதனுடன் இணைத்துச் செய்யப்பட்டவற்றையும் ஆகும். மாணவர்க்கு அயலான ஒலிப்பில் கணினி படித்தல் தகாது என்பதை உணர்ந்து, எடின்பரோவைச் சார்ந்த செரிப்ராக் நிறுவனத்தின் ஸ்காட்லாந்து ஒலிப்புடைய குரல் அரசின் செலவில் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டது. சிறுபான்மை மொழியாகிய ஸ்காட்லாந்துக் கேலிக் மொழிக்கும் பின்னர் ஒரு குரல் உருவாக்கப்பட்டது. கோப்பு, குரல், மாணவரின் பயிற்சி ஆகிய மூன்றும் ஒருங்கே கருதப்பட்டமையே அம்முயற்சியின் வெற்றி எனலாம். அவற்றுள் கோப்பின் வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்து நம் பள்ளிகளுக்குக் கொணர்ந்தால், நாம் பெறுவது வெற்றியின் புறத்தோற்றமே.

மேலும், அங்குப் பிடிஎஃப் வடிவம் தாங்கியது உரோமன் எழுத்தை. தமிழ் எழுத்து அவ்வடிவத்தில் என்ன ஆகிறது என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

பக்க வடிவமும் தமிழ் எழுத்தும்

பிடிஎஃப் 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் பக்கத்தின் தோற்றம் மாறாதிருத்தல் வேண்டும் என்பதே அதன் பிறப்பு நோக்கம். ஆகவே அது அடிப்படையில், எந்த எழுத்து வடிவத்தைப் பக்கத்தின் எந்த இடத்தில் வரைவது என்ற கட்டளைகளின் தொகுப்பு. தலைப்பு எது, வினா எது, விடைத்தெரிவு எது என்ற அமைப்புச் செய்தி அதில் இயல்பாக இல்லை. 2001இல்தான் அமைப்புக் குறிகளை இணைக்கும் வசதி அதனுடன் சேர்க்கப்பட்டது. அணுக்கத்திற்கான தனித் தரமுறை 2012இல் வெளிவந்தது. இவ்வசதிகளைப் பயன்படுத்தாமலேயே ஒரு கோப்பினை உருவாக்கலாம். பெரும்பாலோர் அவ்வாறே உருவாக்குகின்றனர்.

தமிழுக்கு இங்குத் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. எகர, ஏகார, ஐகார உயிர்மெய்களின் குறிகள் மெய்க்கு முன்னே எழுதப்படுகின்றன. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரம் முதலாகவும் ஒகரக்குறி அடுத்ததாகவும் ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகிறது. பக்கத்தை வரையும் வடிவமோ ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்ற பார்வை வரிசையில் மூன்று உருக்களை வரைகிறது. அக்கோப்பிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்கும் மென்பொருள் பார்வை வரிசையையே எடுத்துக்கொள்ளுமானால், கொம்பு முன்னதாகவும் ககரம் பின்னதாகவும் வந்து சேரும். கண் காண்பது ‘கொடி’. திரைவாசிப்பான் பெறுவது எச்சொல்லுமன்று. பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழ்ப் பத்தியொன்றை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டிப் பார்த்தோர் இதனை நன்கு அறிவர். உண்மையான எழுத்துத்தொடரை மறைவாகப் பதிந்து இக்குறையைக் களைய அவ்வடிவத்திலேயே வழியுண்டு. ஆனால் அதனைச் செய்யும் உருவாக்க மென்பொருளும் மதிக்கும் வாசிப்பு மென்பொருளும் ஒருங்கே அமைதல் வேண்டும். தேர்வு நாளன்று மாணவரின் கணினியில் அவை அமையும் என்று நம்பியிருத்தல் தகாது.

பழைய எழுத்துருக்களால் வரும் கேடு இதனினும் பெரிது. தமிழ்க்கணிமையின் வளர்ச்சியில் இவ்வட்டாரத்தின் பங்கு பெருமைக்குரியது. 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற கருத்தரங்கும், 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய மாநாடுகளும் குறியீட்டுத் தரப்பாட்டை மையப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தன. அம்முயற்சிகளுக்கு முன்னும் இடையிலும் உருவான எழுத்துருக்களில், வேறு எழுத்துக்குரிய எண்ணின்மீது தமிழ் உரு ஏற்றப்பட்டிருந்தது. அவ்வாறு தட்டெழுதப்பட்ட வினாத்தாளை ஆண்டுதோறும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும் பள்ளியில், அச்சுத்தாள் செம்மையாகவே இருக்கும். திரைவாசிப்பானுக்கோ அதில் தமிழே இராது.

ஒருங்குறியில் எழுதினாலும் கவனம் வேண்டும். ‘ஔவை’ என எழுத வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதுவோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. செவிக்கு ஒன்று ஔவையார்; மற்றொன்று பொருளற்ற ஓசை. ஆத்திசூடி ஆசிரியரின் பெயரே கேட்டறிய இயலாததாகிவிடும். கண்ணால் மட்டும் சரிபார்க்கப்பட்ட வினாத்தாள் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டதாகாது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

சற்றே பார்வை உள்ள மாணவரின் நிலையும் கருதற்குரியது. ஏ4 தாளை ஏ3 அளவுக்குப் பெருக்கினால் எழுத்து 1.41 மடங்குதான் பெரிதாகும். 12 புள்ளி எழுத்து 17 புள்ளியாகும். சிலருக்கு இது போதும்; பலருக்குப் போதாது. திரையில் பக்கத்தை நான்கு மடங்கு பெருக்கினால், வரியின் தொடக்கத்திற்கும் முடிவுக்கும் இடையே பக்கத்தை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளியைத் தேடி ஒவ்வொரு சொல்லிலும் நின்று செல்லும் மாணவர்க்கு இது கடும் உழைப்பு. எச்டிஎம்எல், இபப் போன்ற வடிவங்களில் எழுத்துப் பெரிதாகும்போது வரிகள் திரையின் அகலத்துக்கேற்ப மடிந்துகொள்கின்றன. 2018இல் வெளியான இணைய அணுக்க நெறிமுறையின் 2.1ஆம் பதிப்பு, நான்கு மடங்கு பெருக்கத்திலும் பக்கவாட்டு நகர்த்தல் தேவைப்படாதிருத்தலை ஓர் அளவுகோலாக வைத்துள்ளது.

மொழித் தேர்வில் எது சோதிக்கப்படுகிறது?

வடிவத் தேர்வுக்கு முன் விடைகாண வேண்டிய வினா இதுவே. அறிவியல் தாளில் குரல்வழிப் படித்தல் மாணவரின் அறிவியல் அறிவைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. மொழித்தாளிலோ படித்தலே சோதிக்கப்படும் திறன். இங்கிலாந்து முதலிய பகுதிகளின் தேர்வு வாரியங்களுக்கான கூட்டுக்குழு இதில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கைக்கொண்டுள்ளது. ஆங்கிலத் தேர்வில் படித்தல் திறனைச் சோதிக்கும் பகுதியை மனிதர் படித்துக் காட்டக் கூடாது, கணினி படிக்கலாம். மாணவர் தாமே கணினியை இயக்கி, வேண்டிய இடத்தில் நிறுத்தி, மீண்டும் கேட்டுப் பொருள் கொள்வதால் அது அவர்தம் தற்சார்புடைய படித்தலாகும் என்பது அதன் கருத்து.

தமிழில் இவ்வேறுபாடு மேலும் ஆழமுடையது. ‘பலகை’ என்ற சொல் ஒரு பொருளில் பகாப்பதமாகவும் மற்றொரு பொருளில் ‘பல கை’ எனப் பிரிந்தும் நிற்கும். ‘வேங்கை’ என்பதும் அத்தகையதே. இவற்றைப் பற்றிய வினாவைப் படித்துக் காட்டும் மனிதர், தம்மை அறியாமலேயே குரலில் ஓர் இடைவெளி விட்டால் விடை வெளிப்பட்டுவிடும். பிரித்தெழுதுக, சேர்த்தெழுதுக என்ற வினாக்கள் யாவற்றிலும் இவ்விடர் உண்டு. கணினிக் குரல் இவ்வகையில் நடுநிலையானது.

ஆயினும் கணினிக் குரலுக்கும் எல்லை உண்டு. இன்றைய ஒலிப்பில் நகரமும் னகரமும் வேறுபடுவதில்லை. ரகரமும் றகரமும் பலர் பேச்சில் ஒன்றாகிவிட்டன. எழுத்துப்பிழை காணும் வினாவில் சொல்லை முழுமையாகக் கேட்பது போதாது. எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டும். நம் மரபில் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்ற பெயர்கள் இதற்கெனவே அமைந்துள்ளன. 2006இல் தொடங்கப்பட்ட இலவசத் திரைவாசிப்பானாகிய என்விடிஏ, மொழிதோறும் எழுத்துக்கான விளக்கப்பெயர்ப் பட்டியலைச் சேர்க்க இடமளிக்கிறது. மரபிலக்கணம் வகுத்த பெயர்களைக் கணினிக் குரலின் வாயில் வைப்பது தமிழாசிரியரும் கணினி வல்லுநரும் கூடிச் செய்யத்தக்க சிறு பணி, பயனோ பெரிது.

குரலின் தரமும் கருதத்தக்கது. ஈஸ்பீக் எனும் கட்டற்ற மென்பொருள் தமிழைப் படிக்கும், இணையமின்றி இயங்கும், ஆனால் அதன் ஒலி இயந்திரத் தன்மையுடையது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மேகக்கணிச் சேவையில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் உள்ளன. அவை செவிக்கு இனியவை. எனினும் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்ட தேர்வறையில் மேகக்கணிக் குரல் பயன்படாது. ஸ்காட்லாந்தைப் போலப் பள்ளிகள் தம் கணினிகளில் நிறுவிக்கொள்ளத்தக்க உள்நாட்டுத் தமிழ்க்குரல் ஒன்று தேவை என்பதையே இந்நிலை உணர்த்துகிறது.

வினாக்களின் மொழியும் வடிவத்தைச் சார்ந்ததே. ‘கோடிட்ட சொல்லின் பொருள் யாது?’ என்பது நம் வினாத்தாள்களில் பழகிய தொடர். திரைவாசிப்பான்கள் அடிக்கோட்டையோ தடித்த எழுத்தையோ பொதுவாகத் தாமே அறிவிப்பதில்லை. மாணவர் அவ்வமைப்பைத் தேடி இயக்க வேண்டும். எனவே எச்சொல் கோடிடப்பட்டது என்று அறியாமலே மாணவர் விடையளிக்க நேரிடும். ‘மூன்றாம் வரியில் உள்ள இச்சொல்லின் பொருள் யாது?’ எனச் சொல்லையே சுட்டிக் கேட்டால் இடர் நீங்கும். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில் வரிசையாக அடிக்கோடுகளை இடுவதைவிட விடைக்கட்டம் அமைப்பதே முறை. செய்யுள் வினாவில் அடிகள் தனித்தனி அடிகளாகவே குறிக்கப்பட வேண்டும். பக்கத்தில் இரு பத்திகளாக அச்சிடப்பட்ட செய்யுளும் வினாவும் கேட்பவருக்கு ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடும். இருமொழித் தாளாயின் எந்தப் பகுதி எம்மொழி என்பது கோப்பினுள் குறிக்கப்பட வேண்டும். இல்லையேல் மலாய்த் தொடரைத் தமிழ்க்குரல் படிக்க முயன்று குழறும்.

விடை எழுதும் வடிவம்

படித்தல் பாதியே, எழுதுதல் மறுபாதி. பிழைதிருத்தியும் சொல் முன்னறிவிப்பும் மொழித் தேர்வில் நிறுத்தப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. விசைப்பலகை பற்றி மட்டும் ஓர் ஐயம் எழலாம். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே அமையும். இது மாணவர்க்கு அளிக்கப்படும் இலக்கண உதவி ஆகாதா? ஆகாது என்பதே என் முடிவு. வல்லினம் மிகுமா மிகாதா என்பதை மாணவரே முடிவுசெய்து விசையை இருமுறை தட்ட வேண்டும். விசைப்பலகை இட்டுக்கொடுப்பது புள்ளியை மட்டுமே. ஒற்று மிகும் என்ற அறிவை அன்று. இத்தகைய ஐயங்களைத் தேர்வறையில் கண்காணிப்பாளரின் முடிவுக்கு விடாமல், முன்னரே விதியாக வகுத்து வெளியிடுவது நன்று.

வடிவங்களின் ஒப்பீடு

மேற்கண்டவற்றின் அடிப்படையில் வடிவங்களை மதிப்பிடலாம். பள்ளி அளவிலான தேர்வுக்கு ஒருங்குறியில் எழுதி, தலைப்புகளும் வரிசை எண்களும் முறையாக அமைக்கப்பட்ட வேர்டு கோப்பு ஏற்றது. ஆசிரியர்க்குப் பழகியது, மாணவர் அதிலேயே விடை எழுதலாம். வினா தவறுதலாக அழிந்துபோகாதவாறு வினாப்பகுதியைப் பூட்டி வைத்தல் வேண்டும். தேசிய அளவிலான தேர்வுக்கு எச்டிஎம்எல் சிறந்தது. மொழிக்குறி, விடைக்கட்டம், வரி மடிப்பு ஆகிய யாவும் அதில் இயல்பாக அமைகின்றன. தேர்வு வினாக்களுக்கென வகுக்கப்பட்ட கியூடிஐ தரமுறை 2022இல் வெளியான 3.0ஆம் பதிப்பில் அணுக்க வசதிகளையும் தன்னுள் இணைத்துக்கொண்டுள்ளது. இபப் நீண்ட பனுவலைப் படிக்க நல்லது. விடை எழுத ஏற்றதன்று. பிடிஎஃப் அச்சுக்குரிய வடிவமாக நிற்கட்டும்.

பிரெயிலும் இங்கு நினைக்கத்தக்கது. 1951இல் உருவான பாரதி பிரெயில் முறையில் தமிழ் உயிர்மெய் ஒலிப்பு வரிசையிலேயே எழுதப்படுகிறது. கொம்பு முன்னே செல்வதில்லை. ஆகவே ஒருங்குறி எழுத்துத்தொடரைப் பிரெயிலாக மாற்றுவது எளிது. லிப்லூயிஸ் என்ற கட்டற்ற மென்பொருள் அதனைச் செய்கிறது. பார்வை வரிசையில் சிதைந்த பிடிஎஃப் எழுத்திலிருந்து செம்மையான பிரெயிலைப் பெற இயலாது. ஒழுங்கான ஒரு மூலக்கோப்பு இருந்தால் அச்சு, பேரெழுத்து, குரல், பிரெயில் ஆகிய நான்கும் அதிலிருந்தே பிறக்கும்.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படலாம். முதலாவது, அனைவர்க்கும் ஒரே தாள் என்ற சமநிலை. தோற்றத்தில் ஒன்றாக இருப்பது சமநிலை ஆகாது; ஒரே வினாவை எதிர்கொள்வதே சமநிலை. எழுத்து சிதைந்த தாளைப் பெற்ற மாணவர் பிறர் எதிர்கொண்ட வினாவை எதிர்கொள்ளவே இல்லை.

இரண்டாவது, பாதுகாப்பு. திறந்த வடிவக் கோப்பு எளிதில் கசியும், மாற்றப்படும் என்பர். இது மெய்யான கவலை. ஆனால் அதற்கென நிறுவப்படும் பூட்டு மென்பொருள் பல வேளைகளில் திரைவாசிப்பானையும் சேர்த்தே முடக்கிவிடுகிறது. பாதுகாப்பைக் கணினியிலும் தேர்வறையிலும் உறுதிசெய்யலாம். மாணவரின் செவியைப் பூட்டிப் பெறும் பாதுகாப்பு தேர்வின் நோக்கத்தையே அழிக்கிறது.

மூன்றாவது, எண்ணிக்கை. இத்தகைய தமிழ் மாணவர் மிகச் சிலரே; அவர்க்கென இத்துணைப் பணி வேண்டுமா என்பது. எண்ணிக்கை ஏன் சிலவாக இருக்கிறது என்று கேட்காமல் இவ்வாதத்தை ஏற்க இயலாது. படிக்க இயலாத தாளைக் கண்டு தமிழை விட்டு விலகியவர் எண்ணிக்கையில் வரார். மேலும், ஒழுங்கான மூலக்கோப்பினால் பயன்பெறுவோர் அச்சிலரோடு நின்றுவிடுவதில்லை. அதே கோப்பு வினாவங்கியாகவும், அடுத்த ஆண்டின் பயிற்சித் தாளாகவும் பிழையின்றிப் பயன்படும்.

முடிவுரை

வினாத்தாளின் வடிவம் அச்சுப்பணியின் இறுதியில் தீர்மானிக்கப்படுவதற்கு மாறாக, வினா அமைக்கும் குழுவின் முதற்கூட்டத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டும். அக்குழு செய்யத்தக்கவை மூன்று. வினாத்தாளை ஒருங்குறியில், அமைப்புக் குறிகளுடன் எழுதுதல். திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் தமிழறிந்தவர் ஒருவர் அதனைக் கேட்டுச் சரிபார்த்த பின்னரே ஏற்றுக்கொள்ளுதல். தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அதே வடிவில் பயிற்சித் தாள்களை மாணவர்க்கு வழங்குதல். புதிய வடிவத்தை மாணவர் முதன்முதலாகத் தேர்வு நாளில் சந்திப்பாராயின், அங்குச் சோதிக்கப்படுவது அவரது தமிழ் அன்று.

இம்மூன்றுக்கும் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மென்பொருள்களும் தரமுறைகளும் ஏற்கெனவே உள்ளன. தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றும் முயற்சியில் முன்னின்ற இவ்வட்டாரம், ஏற்றிய எழுத்தைக் கேட்டும் தொட்டும் அறிய வேண்டிய மாணவரையும் தன் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். ஒரு மாணவர் தமிழை எழுதாமல் விடுவது அவர் விருப்பமாக இருக்கலாம். அதற்குக் கோப்பின் வடிவம் காரணமாக இருத்தல் கூடாது.